வாசகர் கேள்விகள்: கர்ப்பப்பை இறக்கமும் கோடிங் மேசையும்

சென்ற இதழில் பிரசவக் கணக்குகளைப் பற்றி எழுதியபோது, அடுத்தது கர்ப்பப்பை இறக்க அறுவைச் சிகிச்சை, கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், கோபாலபுரம் பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. வீடு கேரளத்தில், வேலை கோவையில் என்று விடிகாலை பஸ்ஸில் உக்கடம் போய் இறங்கும் பிள்ளைகளின் கடிதங்கள் அவை. பதினான்கு வருடம் நானும் அதே பஸ்ஸில் போனவள். அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளைப் படித்து, காப்பீட்டுக் கணக்குக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் கொடுக்கும் மெடிக்கல் கோடிங் வேலையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்புள்ள அக்கா, விலங்கியல் படித்துவிட்டுப் பயிற்சிக் கோடராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு ஆபரேஷன் நோட்டில், முழுமை பெறாத கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்ப்பைச் சரிவு, மலக்குடல் புடைப்பு, இருமும்போது சிறுநீர்க் கசிவு என்று இருந்தது. யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, முன்சுவர், பின்சுவர் இரண்டையும் சீரமைத்து, சிறுநீர் வெளியேறும் குழாயைத் தாங்க ஸ்லிங் என்ற நாடாவை வைத்து, கடைசியில் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்திருந்தார்கள். எடுத்த கர்ப்பப்பையின் எடை 140 கிராம். நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்ற நோய்ப் பட்டியலிலிருந்து என்81.2 (N81.2), என்81.10, என்81.6, என்39.3 என்றும், சிகிச்சைக்கு சிபிடி என்ற சிகிச்சைப் பட்டியலிலிருந்து 58260, 57240, 57250, 57288, 52000 என்றும் போட்டேன். ஆடிட்டில் மூன்று தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை. — சித்தூர் வாசகி

தங்கைக்கு முதலில் ஒரு ஆறுதல். நோட்டில் இருந்த எதையும் நீங்கள் விட்டுவிடவில்லை. இருந்ததை இரண்டு முறை எண்ணியதுதான் தவறு. விட்டுவிடுகிறவர்களைத் திருத்துவது கடினம், உங்களைத் திருத்துவது சுலபம்.

யோனியை ஓர் அறையாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்சுவருக்கு அந்தப் பக்கம் சிறுநீர்ப்பை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் மலக்குடல், கூரையில் கர்ப்பப்பை. சுவர்களைத் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்தால் அதனதன் பக்கத்து உறுப்பு உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. முன்சுவர் மட்டும் தளர்ந்தால் என்81.1 வரிசை, பின்சுவர் மட்டும் தளர்ந்தால் என்81.6. ஆனால் கூரையே இறங்கிவிட்டால், அதோடு சேர்ந்து வரும் சுவர்த் தளர்ச்சி கூரையின் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். என்81.1, என்81.6 இரண்டின் கீழும் ‘எக்ஸ்க்ளூட்ஸ் 1’ (இதோடு சேர்த்துப் போடாதே) என்று ஒரு குறிப்பு இருக்கிறது, பாருங்கள். கர்ப்பப்பை இறக்கத்தோடு சேர்ந்திருந்தால் என்81.2 முதல் என்81.4 வரைக்குப் போ என்று அது அனுப்புகிறது. ஆகவே உங்கள் நோயாளிக்கு என்81.2, சிறுநீர்க் கசிவுக்கு என்39.3, இந்த இரண்டும் போதும். முதல் தவறு இதுதான்.

இரண்டாவது: 57240 முன்சுவர், 57250 பின்சுவர். ஒரே அமர்வில் இரண்டையும் செய்தால் அதற்கென்றே 57260 என்ற கூட்டு எண் இருக்கிறது. குடல் இறங்கிய பையையும் சேர்த்துச் சரிசெய்திருந்தால் 57265. இந்த நான்கையும் ஒரு குடும்பமாக மனத்தில் வைத்துக்கொண்டால் பரீட்சையிலும் தப்பாது, மேசையிலும் தப்பாது. இங்கே ஒரு எச்சரிக்கை. கர்ப்பப்பையை எடுத்த எண்ணே குடலிறக்கச் சீரமைப்பையும் சேர்த்ததாக இருந்தால், உதாரணமாக 58270 என்றால், மறுபடி 57265 போடுவது ஒரே குடலிறக்கத்துக்கு இரண்டு கூலி கேட்பது. உங்கள் நோட்டில் அது இல்லை, 58260 சரிதான். எடை 250 கிராமுக்குள் இருந்ததைக் கவனித்திருக்கிறீர்கள். அந்த எடையைத் திசுப் பரிசோதனை அறிக்கையில் தேடிப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காகவே உங்களை ஒருமுறை பாராட்டுகிறேன். அதைத் தேடாமல் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது 52000. அறுவை முடிந்ததும் சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டு, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு பக்கக் குழாய்களிலிருந்தும் சிறுநீர் வருகிறதா, எங்கேயாவது ஊசி குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது செய்த வேலையைத் தானே சரிபார்ப்பது. சமையல்காரர் உப்புப் பார்ப்பதற்குத் தனிக் கூலி கேட்க முடியாது. 2018 முதல் 57240, 57260, 57265 ஆகியவற்றின் விளக்கத்திலேயே ‘சிஸ்டோஸ்கோப்பி செய்தாலும் அதையும் உள்ளடக்கியது’ என்று எழுதிவிட்டார்கள். பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்களிடம் படித்திருந்தால் இந்தத் தவறு உங்கள் மேல் மட்டும் இல்லை.

ஆக 58260, 57260, 57288. அனுப்புவதற்கு முன் இந்த எண்களை ஜோடி ஜோடியாக, எந்த எண்ணோடு எதைச் சேர்த்துக் கேட்கக் கூடாது என்று சொல்லும் என்சிசிஐ அட்டவணையில் பார்த்துவிடுங்கள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். போன வருடம் பார்த்தது இந்த வருடம் செல்லாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மருத்துவர் ‘முழுமை பெறாத’ என்று எழுதியதால் என்81.2 கிடைத்தது. அவர் வெறுமனே ‘கர்ப்பப்பை இறக்கம்’ என்று மட்டும் எழுதினால் என்81.4. ‘பிஓபி-க்யூ மூன்றாம் நிலை’ என்று எழுதினால்? பல பிள்ளைகள் உடனே ‘மூன்றாம் டிகிரி’ என்று தாமே மொழிபெயர்த்து என்81.3 போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். பிஓபி-க்யூ கன்னிச்சவ்வு இருந்த இடத்திலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் அளப்பது. டிகிரி என்பது பழைய முறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது மருத்துவருடைய வேலை. நாம் குவெரி அனுப்பிக் கேட்க வேண்டும்.

மேடம், கர்ப்பப்பையை முன்பே எடுத்தவருக்கு மறுபடி இறக்கம் வந்தால் எந்த எண்? — வண்ணாமடை வாசகர்

என்99.3. கர்ப்பப்பை இல்லாத இடத்தில் யோனியின் மேற்கூரை இறங்குவது அது. என்81 வரிசைக்குள் தேடாதீர்கள். அந்த வரிசையின் தலைப்பிலேயே இதை விலக்கி வைத்திருக்கிறார்கள். சிகிச்சையில், கூரையை எங்கே, எந்த வழியாகக் கட்டினார் என்று பாருங்கள். யோனி வழியாக, வயிற்று உறைக்கு வெளியே சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் கட்டினால் 57282. யோனி வழியாகவே வயிற்று உறைக்கு உள்ளே கர்ப்பப்பை-திரிக எலும்புத் தசைநாரில் கட்டினால் 57283. வயிற்றைத் திறந்து கட்டினால் 57280. லேப்ராஸ்கோப்பி என்றால் 57425. மருத்துவர் கட்டிய இடத்தின் பெயர் நோட்டின் நடுவில் ஒரே ஒரு முறைதான் வரும். தலைப்பை மட்டும் படித்து எண் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அக்கா, ‘சிக்கல்’ என்று எப்போது எண் போடலாம்? ஆபரேஷன் நோட்டில் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து தைத்ததாக இருக்கிறது. மருத்துவர் எந்த இடத்திலும் ‘சிக்கல்’ என்ற சொல்லை எழுதவில்லை. நோட்டின் முடிவில் ‘சிக்கல்கள்: இல்லை’ என்றுகூட இருக்கிறது. என் குழுத் தலைவர் போடு என்கிறார், ஆடிட்டர் போடாதே என்கிறார். — வேலந்தாவளம் வாசகி

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கலாம்.

சொந்தக் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நோட்டில் ‘சிஸ்டாட்டமி’ என்ற சொல்லைப் பார்த்தேன். சிறுநீர்ப்பையில் வெட்டு. வயிற்றைத் திறந்து செய்த இறக்கச் சீரமைப்பு அது. சிறுநீர்ப்பை கிழிந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, தற்செயலான துளை அல்லது கிழிசலுக்குரிய என்99.71 போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மா அந்தக் கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களின் வாய்களை நேரே பார்ப்பதற்காகச் சிறுநீர்ப்பையின் உச்சியைத் திறந்ததாக மருத்துவர் எழுதியிருந்தார். வேண்டுமென்றே திறந்து, பார்த்து, மூடியிருக்கிறார். நான் அதை விபத்தாக எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வாளையார்ப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன், கண்ணில் ஒன்றும் பதியவில்லை. ஒரு மனிதர் கவனமாகச் செய்த காரியத்தைக் கைத்தவறு என்று எழுதிவிட்ட குற்ற உணர்வு அது. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் பாதுகாப்பை அளக்கும் அளவுகோல்களில், வயிறு மற்றும் இடுப்புப் பகுதியில் தற்செயலாக விழும் துளைக்கும் கிழிசலுக்கும் தனியாகவே ஓர் அளவுகோல் இருக்கிறது. நாம் போடும் எண் அங்கே போய் எண்ணப்படுகிறது.

அதற்காகப் போடாமல் விடுவது நல்லது என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நோயாளி பக்கம் அநியாயம். ஓட்டை விழுந்த பெண் பத்து நாளோ அதற்கு மேலோ கதீட்டரோடு, அதாவது சிறுநீர் வடியும் குழாயோடு, வீட்டில் இருக்கிறாள். அவள் பட்டது ஏட்டில் இல்லாமல் போகக் கூடாது.

விதி என்ன சொல்கிறது? அறுவைக்கு நடுவிலோ பிறகோ நடந்த ஒவ்வொன்றும் சிக்கல் ஆகாது. அந்த நிலைமைக்கும் சிகிச்சைக்கும் காரண காரியத் தொடர்பு இருக்க வேண்டும். அது மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தத்தக்கது என்பதும் பதிவில் தெரிய வேண்டும். ‘சிக்கல்’ என்ற சொல்லே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஐசிடி-10-சிஎம் வழிகாட்டியின் முதல் பகுதியில் இது இருக்கிறது. அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கோப்புக்கு வருவோம். முன்சுவரைப் பிரிக்கும்போது ஓட்டை விழுந்தது, இரண்டு அடுக்காகத் தைத்தார்கள் என்று நோட்டின் விவரப் பகுதியில் எழுதிவிட்டு, முடிவில் ‘சிக்கல்கள்: இல்லை’ என்று இருக்கிறது. நோட்டுக்குள்ளேயே இரண்டு வாய் பேசுகிறது. உங்கள் குழுத் தலைவர் ஒரு வாயைக் கேட்கிறார், ஆடிட்டர் மற்றொரு வாயைக் கேட்கிறார். இருவரும் மருத்துவரைக் கேட்கவில்லை. குவெரி அனுப்புங்கள். அதை எழுதும் முறையும் முக்கியம். ‘இது தற்செயல் கிழிசல்தானே?’ என்று பதிலை ஊட்டிவிடும் கேள்வி கூடாது. நோட்டில் உள்ள வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, இது தற்செயலாக நேர்ந்ததா, அறுவையின் இயல்பான பகுதியா, வேறு ஏதாவதா, தீர்மானிக்க இயலாததா என்று விருப்பங்களைக் கொடுத்து, அவர் கையால் பதில் வாங்குங்கள். தற்செயல் என்று அவர் உறுதிப்படுத்தினால் என்99.71. யோனியும் சிறுநீர்ப்பையும் இனப்பெருக்க-சிறுநீர் மண்டலம், அறுவையும் அதே மண்டலத்து அறுவை என்பதால் 71. வேறு மண்டலத்து அறுவையின்போது இதே காயம் விழுந்தால் 72.

தைத்ததற்குக் கூலி? அதே மருத்துவர் தானே உண்டாக்கிய கிழிசலைத் தானே தைத்தால், என்சிசிஐ கொள்கைப்படி தனியாகக் கேட்க முடியாது. சிறுநீரியல் மருத்துவரை அழைத்து அவர் வந்து தைத்திருந்தால் அது அவருடைய தனிக் கணக்கு.

இதே கண்ணோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். அறுவைக்கு மறுநாள் சிறுநீர் தானாகப் போகவில்லை, கதீட்டரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று நிறைய நோட்டுகளில் வரும். ஸ்லிங் வைத்தவர்களுக்கு இது சாதாரணம். மருத்துவர் அதைச் சிக்கலாகப் பார்த்ததாக எழுதாதபோது நீங்கள் பார்க்காதீர்கள். ரத்தமும் அப்படித்தான். அறுவை என்றால் ரத்தம் போகும். ஆனால் அன்று இரவே வீங்கி, ரத்தக் கட்டு என்று மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுபோனால் அது வேறு. அப்போது என்99.840 என்ற எண்ணுக்கு வேலை வருகிறது.

மேடம், அதே அறுவை அறைக்குத் திரும்பக் கொண்டுபோகும்போது சிகிச்சை எண்ணோடு சேர்க்கும் 78, 58, 79 என்ற மூன்று மாடிஃபையர்களும் எனக்குக் குழம்புகின்றன. — கொழிஞ்சாம்பாறை வாசகர்

இறக்கச் சீரமைப்பு பெரிய அறுவை, 90 நாள் குளோபல் பீரியட், அதாவது அறுவைக் கூலியிலேயே பிந்தைய கவனிப்பும் அடங்கிய காலம். அந்த 90 நாளுக்குள் அதே மருத்துவர் மறுபடி அறுவை அறைக்குப் போகிறார். முன்பே திட்டமிட்டிருந்தால் 58. திட்டமிடாமல், முதல் அறுவையோடு தொடர்புள்ள காரணத்துக்காகப் போனால் 78. தொடர்பே இல்லாத காரணம் என்றால் 79. சொன்ன ரத்தக் கட்டு 78. அதில் அறுவை செய்த பங்குக்கு மட்டும்தான் பணம், புதிதாக 90 நாள் தொடங்காது. அறுவை அறைக்குப் போகாமல் படுக்கையிலோ மருத்துவர் அறையிலோ சரிசெய்தால் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் தனியாக ஒன்றும் கொடுக்காது. தனியார் காப்பீடுகள் சில வேறு மாதிரி நடத்தும், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

அக்கா, வலை வைத்த பழைய நோயாளிகளின் கோப்புகள் இப்போதும் வருகின்றன. டி83.711 (T83.711), டி83.721 (T83.721) இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? — கோபாலபுரம் வாசகி

யோனி வழியாகச் செயற்கை இழை வலை வைத்து இறக்கத்தைச் சரிசெய்யும் முறை 2000-களில் பரவலாக இருந்தது. மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏ 2008-இல் ஓர் எச்சரிக்கை கொடுத்தது, 2011-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. 2016-இல் அந்த வலையை அதிக ஆபத்துள்ள மூன்றாம் வகுப்புக்கு மாற்றியது. 2019 ஏப்ரல் 16-ஆம் தேதி, இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் வலைகளை விற்பதை நிறுத்தும்படி உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. வயிற்று வழியாகக் கூரையைக் கட்டும் வலைக்கும் சிறுநீர்க் கசிவுக்கான ஸ்லிங்குக்கும் அந்த உத்தரவு இல்லை. அதனால் வலை வைக்கும் 57267 என்ற துணை எண்ணை இப்போது அரிதாகப் பார்ப்பீர்கள். வலையை எடுக்கும் எண்களோ இன்னும் பல வருடம் உங்கள் மேசைக்கு வரும். அன்று வைத்தது அந்தப் பெண்களின் உடலில்தான் இருக்கிறது.

711 என்பது வலை பக்கத்து உறுப்பை அரித்துக்கொண்டு போவது. 721 என்பது வலை யோனிக்குள் வெளித்தெரிவது. மருத்துவர்கள் பேச்சில் இரண்டையும் கலந்து சொல்வார்கள். எந்தச் சொல்லை எழுதியிருக்கிறாரோ அதன்படி போங்கள். அவர் ‘வெளித்தெரிகிறது’ என்று எழுதி, அடுத்த வரியில் சிறுநீர்ப்பைக்குள் வலை இருந்ததாகவும் எழுதினால் கேளுங்கள்.

இந்த எண்களின் கடைசியில் சேர்க்கும் ஏழாவது எழுத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ‘ஏ’ (A) என்றால் முதல் தடவை வந்தவர் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அது முதல் வருகைக்கான எழுத்து இல்லை, நோய்க்கு நேரடிச் சிகிச்சை நடக்கிறது என்பதற்கான எழுத்து. எட்டு வருடம் முன்பு வைத்த வலையை இன்று வேறு ஊரில் வேறு மருத்துவர் எடுக்கிறார் என்றாலும் ‘ஏ’தான். எடுத்து முடித்து, ஆறுகிறதா என்று பார்க்க வரும்போது ‘டி’ (D).

யோனி வழியாக வலையைத் திருத்தினாலோ எடுத்தாலோ 57295, வயிற்றைத் திறந்தால் 57296, லேப்ராஸ்கோப்பி என்றால் 57426. ஆனால் எடுத்தது ஸ்லிங் என்றால் இவை எதுவும் இல்லை, 57287. ஸ்லிங்கும் வலைநாடாதான் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார்கள். எதற்காக வைத்தது என்று பாருங்கள்: இறக்கத்துக்கா, கசிவுக்கா. அதற்குத் தகுந்தபடி நோயின் எண்ணும் டி83.711 இலிருந்து டி83.712 ஆக மாறும்.

அம்மா, என் மகள் மெடிக்கல் கோடிங் சேர வேண்டும் என்கிறாள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். இரவு வேலையாக இருக்குமோ, பெண் பிள்ளைக்கு இந்த மாதிரி விஷயங்களையெல்லாம் படிக்கும் வேலை தகுமோ என்று வீட்டில் பேச்சாக இருக்கிறது. — எருத்தேம்பதி வாசகர்

கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்து பணம் கேட்கும் பிரிவுதான் அமெரிக்க நேரத்துக்கு இரவில் நடக்கும். சேரும்போது எந்தப் பிரிவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்ப் பரீட்சை 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, குறியீட்டுப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாக்கியம் முதல் ஆறு மாதம் கடினமாக இருக்கும், பிறகு பழகிவிடும். எனக்கும் அப்படித்தான்.

தகுமோ என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு பதில் சொல்கிறேன், மன்னியுங்கள். தன் உடம்பில் என்ன எங்கே இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு எது தளரும், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெரிந்த ஒரு பெண் உங்கள் வீட்டில் இருப்பாள். இதற்குக் கீழே வந்திருக்கும் கடிதத்தையும் படியுங்கள்.

அம்மிணி, நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். வயது அறுபத்து மூன்று. தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவள். எனக்கு அடி இறங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ரப்பர் வளையம் ஒன்று வைத்து அனுப்பினார்கள். அது இப்போது இரண்டு வருடமாக உள்ளேயே இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகுமா? பணம் எவ்வளவு ஆகும்? நீ இந்தக் கணக்குகளைப் பார்க்கிறவள் என்று பேத்தி சொன்னாள். — பெயர் வேண்டாம்

அம்மா, நான் மருத்துவர் இல்லை, அவர்கள் எழுதியதைப் படிக்கிறவள். ஆனால் நீங்கள் கேட்டதை என் அம்மா என்னிடம் கேட்கவே இல்லை. அதனால் உங்களுக்கு நீளமாகவே எழுதுகிறேன்.

என் அம்மாவும் உங்களைப் போல இந்தக் கரிசல் மண்ணில் நிலக்கடலை பிடுங்கியவர். நான்கு பிரசவம், நான்காவதுக்குப் பத்தாம் நாளே தலையில் குடம். சிறுவயதில் நான் பார்த்தது: அம்மா மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கப் போனால் திரும்பி வர வெகு நேரம் ஆகும். கூப்பிட்டால், வருகிறேன் போ என்பார். இருட்டியபின் பழைய வேட்டித் துணியைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொள்வார். நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு நோட்டில், ‘நோயாளி சிறுநீர் கழிப்பதற்குப் புடைப்பை விரலால் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது’ என்று படித்தேன். சிறுநீர்ப்பைச் சரிவுக்குரிய சாதாரண வரி அது, அதன் பிறகு நூறு நோட்டில் படித்துவிட்டேன். அன்று அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தொழுவத்துக்குப் பின்னால் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. இரவு வீட்டுக்கு வந்து கேட்டேன். பதினோரு வருடம் என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். யாரிடம் சொல்வது என்றார்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள், சொல்லியிருக்கிறீர்கள். அதுவே பெரிய காரியம்.

இப்போது உங்கள் வளையம். அது நல்ல வைத்தியம்தான், பலர் வருடக் கணக்கில் அதோடு நலமாக இருக்கிறார்கள். ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எடுத்து, கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். இரண்டு வருடம் மிக நீளம். வளையம் சுவரை அழுத்தி அழுத்திப் புண்ணாக்கும், சில நேரம் சதைக்குள்ளேயே பதிந்துவிடும். ஆகவே ஆபரேஷனைப் பற்றி யோசிப்பதற்கு முன், இந்த வாரமே போய் அதை எடுத்துக் காட்டுங்கள். ரத்தம் படுகிறது, நாற்றமாக நீர் வருகிறது, சிறுநீர் அடைத்துக்கொண்டது என்றால் வாரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். நீங்களாகப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஆபரேஷன் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல சுகம் கிடைக்கிறது, சிலருக்கு வருடங்கள் கழித்து மறுபடி இறங்குவதும் உண்டு. உங்கள் உடம்புக்கு எது சரி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், பேத்தி எழுதிக்கொள்ளட்டும். கர்ப்பப்பையை எடுப்பீர்களா, வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டுவீர்களா? முன்சுவரா, பின்சுவரா, இரண்டுமா? வலை எதுவும் வைப்பீர்களா? எத்தனை நாள் குடமும் தேங்காய் மூட்டையும் தூக்கக் கூடாது? கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம். தையல் ஆறுவதற்கு முன் பாரம் தூக்கினால் செய்தது வீணாகிவிடலாம். தோப்பு மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருமலோ மலச்சிக்கலோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டுமே உள்ளிருந்து கீழே அழுத்துபவை.

பணத்துக்கு: நான் பார்க்கும் அமெரிக்க எண்களுக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் இல்லை. கேரள அரசின் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் உங்கள் குடும்பம் இருந்தால் வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சேர்க்கும்போதே அட்டையைக் காட்ட வேண்டும், பிறகு காட்டினால் சிக்கல். எல்லைக்கு அந்தப் பக்கம் கோவையில் செய்துகொள்ள நினைத்தால் அந்த ஆஸ்பத்திரி உங்கள் அட்டையை எடுக்குமா என்று முதலில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பேத்தியையும் அழைத்துப் போங்கள். வளையம் வைத்தபோது கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், வைத்த தேதியும் அளவும் அதில் இருக்கும். சீட்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு வருடம் ஆகிறது என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.